வாகமனுக்குக் கேரவனில்: தண்ணீர், கரண்ட், மட்டம்

எங்கள் ஊர்ப் பக்கம் கேரவன் என்றாலே சினிமாக்காரர்கள் வண்டிதான். கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில் டீ குடிக்க நிறுத்தினோம், நாலு பேர் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து "ஷூட்டிங் எங்கண்ணே, யாரு நடிக்கிறா?" என்று கேட்டார்கள். உள்ளே என் மாமியார் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

2021-ல் கேரள சுற்றுலாத் துறை கேரவனுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, 2022 பிப்ரவரியில் கேரவனை நிறுத்தித் தங்குவதற்கான முதல் கேரவன் பார்க்கை இடுக்கி மாவட்டத்து மலையூரான வாகமனில் திறந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சுற்றுலா கிராமம், கேம்ப் சைட் என்று போர்டு மாட்டிய இடங்களில் வண்டியோடு தங்க விடுகிறார்கள். கம்பம், தேனிப் பக்கமிருந்து வாடகைக் கேரவன் எடுத்து இரண்டு ராத்திரி தங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று தடவை போய் வந்ததில், பட்டுத் தெரிந்துகொண்டதுதான் நிறைய.

முதலில் பேப்பர். வாடகை வண்டி என்றால் கேரளாவுக்குள் போக பெர்மிட், வரி எல்லாம் கட்டியிருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், குமுளி செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு ஓனருக்கு போன் போடுவது நல்ல அனுபவம் இல்லை. நீங்களே ஓட்டுவதென்றால், 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டிக்கு கார் ஓட்டும் லைசென்ஸே போதும். ஆனால் லைசென்ஸ் இருப்பது வேறு, மலையில் டிராவலர் வேன் சைஸ் வண்டி ஓட்டுவது வேறு. பழக்கமில்லையென்றால் டிரைவரோடு எடுங்கள்.

தங்குமிடத்துக்கு போன் செய்யும்போது "வியூ நல்லா இருக்குமா" என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், வாகமனில் வியூ எல்லா இடத்திலும் இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் பாதையில் டிராவலர் வருமா, தாழ்வாக ஒயர், மரக்கிளை ஏதும் உண்டா, 16 ஆம்ப் பிளக் இருக்கிறதா, டேங்குக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாய் எங்கே, டாய்லெட் கழிவை எங்கே கொட்ட விடுவார்கள், ராத்திரி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். கடைசிக்கு முந்தின கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வண்டியின் உயரத்தை அடிக்கணக்கில் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள், ஏசி மேலே இருந்தால் அதையும் சேர்த்து.

குமுளி, வண்டிப்பெரியார், ஏலப்பாறை வழியாகப் போனால் குமுளியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காதில் கேட்கும்போது கொஞ்ச தூரம் மாதிரிதான் இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது காலை ஆறரை, ஏழு மணியைத் தவிர்க்கப் பாருங்கள். ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் அந்த நேரத்தில் பறக்கும், வளைவில் உங்களுக்காகக் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. சபரிமலை சீசனில் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி மலையில் கருகல் வாடை வரும்.

சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதம். மூடுபனி இறங்கிவிட்டால் எது தரை, எது சரிவு என்றே தெரியாது. முதல் தடவை இருட்டில் போய் நிறுத்தி, பின்பக்கம் சாய்ந்த வண்டியில் தலைகீழாகப் படுத்த மாதிரி ஒரு ராத்திரி கிடந்தோம், கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வடியவே இல்லை.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிளம்பும்போது சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தில் ஒன்றை மிச்சம் வையுங்கள். அதை வண்டிக்குள் நடுத்தரையில் வைத்தால் எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கச் சக்கரம் தாழ்வு. ஒன்றரை அங்குலப் பலகைத் துண்டுகள் நாலைந்து கொண்டு போய், தாழ்ந்த சக்கரத்துக்கு முன்னால் போட்டு மெதுவாக ஏற்றி நிறுத்த வேண்டும். பழம் உருளாமல் நின்றதும் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை, மூன்றும். மழைக்காலத்தில் புல்தரையைவிடச் சரளை போட்ட இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், புல்லில் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஓர் இடத்தில் மழையில் நனைந்த காலோடு வண்டிக் கதவைத் தொட்டேன், சுருக்கென்று ஏறியது. அந்த பிளக்கில் எர்த்தே இல்லை. அன்றிலிருந்து எர்த் பார்க்கும் சின்ன டெஸ்டர் ஒன்று பையிலேயே கிடக்கிறது, அதைச் சொருகிப் பார்க்காமல் ஒயர் இழுப்பதில்லை. ஒயரும் 16 ஆம்ப் தாங்குகிற தடித்த ஒயராக, சுற்றி வைக்காமல் முழுக்க விரித்துப் போட்டதாக இருக்க வேண்டும், சுருட்டி வைத்தால் சூடாகிவிடும். இடி மின்னல் தொடங்கினால் கழற்றிவிடுங்கள்.

வெளிக் கரண்ட் இல்லாமல் வண்டி பேட்டரியில் ஓட்டுவதானால் கணக்கு இப்படி: 12 வோல்ட், 100 ஆம்ப் ஹவர் பேட்டரியில் இருப்பதே சுமார் 1.2 யூனிட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். லைட், ஃபேன், போன் சார்ஜ் இவற்றுக்குத்தான் பேட்டரி. ஏசி அங்கே தேவைப்படாது, கம்பளி எடுத்துப் போங்கள். வாகமன் சுமார் 1,100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும். குக்கர் இருந்தால் பிரச்சினை இல்லை.

100 லிட்டர் டேங்க் என்றால் ஏழு குடத்துக்கும் குறைவு. வீட்டு நினைப்பில் குளித்தால் முதல் நாள் காலையிலேயே காலி, குளியலை கேம்ப் சைட் பாத்ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்தே நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள், அது 100 கிலோ வெட்டிச் சுமை, மேலே போய்ப் பிடிக்கலாம். குடிக்க மட்டும் தனியாக ஒரு கேன்.

அப்புறம் யாரும் பேச விரும்பாத டாய்லெட். கழிவு சேரும் பெட்டியை உருவியெடுத்துக் கொட்டுகிற கேசட் வகை என்றால் நாலு பேருக்கு இரண்டு நாள்கூட வராது. கேம்ப் சைட்டில் காட்டுகிற செப்டிக் டேங்கில் மட்டும் கொட்டுங்கள், ஃபினாயிலை அள்ளி ஊற்றாதீர்கள், செப்டிக் டேங்கே கெட்டுவிடும். வழியில் ஓடையைப் பார்த்ததும் திறந்துவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தேக்கடித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் வந்து நம் வயலுக்கும் குடத்துக்கும் வருகிறது என்று தேனி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குப்பையைக் கழுவித் தனியாகக் கட்டி வையுங்கள், வாங்கிப் போக ஹரித கர்ம சேனைப் பெண்கள் (கேரள உள்ளாட்சியின் குப்பை சேகரிப்புக் குழு) வருவார்கள்.

ராத்திரி குளிருகிறதென்று எல்லா ஜன்னலையும் அடைக்கக் கூடாது. மூச்சுக்காற்றே கூரையில் நீராகி விடியற்காலையில் முகத்தில் சொட்டும், அது போகட்டும். உள்ளே கேஸ் அடுப்பை எரியவிட்டு அடைத்தால், அல்லது குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்தால், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் இரண்டு விரல் அகலமாவது திறந்திருக்கட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் போவதில்லை. மண்சரிவு ஒரு பக்கம், ரத்தம் குடிக்கும் அட்டை ஒரு பக்கம். மற்ற மாதத்திலும் மழை பெய்தால் அட்டை வரும், வாசற்படியில் உப்பு போட்டு வையுங்கள். போன தடவை அங்கிருந்த வாட்ச்மேன், வண்டிப்பெரியார் எஸ்டேட் தமிழர், உப்பை ஒரு துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டிக் கொடுத்தார். "கடிச்சா பிச்சு இழுக்காதீங்க தம்பி, இதைத் தொட்டு வையுங்க, தானா விழுந்துரும்" என்றார். விழுந்தது.

கிளம்பும் காலையில் ஒயர், குழாய், சக்கரக் கட்டை, பலகை என்ற வரிசையில் எடுங்கள். கேஸ் வால்வை மூடி, கண்ணாடிப் பாத்திரத்தைப் படுக்கைமேல் போட்டுப் போர்வை சுற்றுங்கள். ஒருவர் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, படிக்கட்டு உள்ளே மடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். எங்கள் வண்டிப் படிக்கட்டு இப்போது கொஞ்சம் கோணலாகத்தான் மடங்குகிறது.