பிரதேச சபையிடம் ஈயப் பெயின்டுக்கு ஒரு துணைவிதி கேட்பது எப்படி?

பழைய கதவில் பெயின்ட் உரிந்து கிடக்கும், தவழும் பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அதில் ஈயம் இருந்தால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையில் 2013இல் எனாமலுக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு ஈயம்), எமல்ஷனுக்கு 90 பிபிஎம் என்று வரம்பு வந்தது. ஆனால் அது கடையில் விற்கும் டின்னுக்கு, ஏற்கெனவே கதவில் இருப்பதற்கு அல்ல.

அதற்குத்தான் துணைவிதி, அதாவது சபை தன் எல்லைக்குள் போடும் சட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. உங்கள் சபை கரைச்சியோ துணுக்காயோ, முதலில் உங்கள் வட்டார உறுப்பினரை வீட்டில் போய்ப் பாருங்கள், மகஜர் எல்லாம் அப்புறம். சின்னதாகக் கேளுங்கள்: முன்பள்ளிகளிலும் வாடகை வீடுகளிலும் பழைய பெயின்டைக் காய்ந்தபடி சுரண்டக் கூடாது, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரம் 2005இல் வாடகை வீடுகளுக்கு ஈயப் பரிசோதனையையே சட்டமாக்கியது, அதையும் சொல்லலாம், ஆனால் நம் சபையில் உரிந்த கதவின் படம்தான் வேலை செய்யும். முடிந்தால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

சபை நிறைவேற்றினாலும் அமைச்சரின் அங்கீகாரம், வர்த்தமானி என்று இழுபடும். கோப்பு எங்கே என்று தெரியவில்லையா, 2016 தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.