எம்ப்ராய்டரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சிங்கிள் ஹெட் எம்ப்ராய்டரி மெஷின் ஓடுகிறது. பர்கூரில் புடவை எடுத்த கையோடு பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து, கைக்கும் முதுகுக்கும் டிசைன் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, விண்டோஸ் வாங்கட்டுமா, ஆப்பிள் வாங்கட்டுமா?" என்றுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. மெஷின் எந்த ஃபைலைப் படிக்கும், அந்த ஃபைலை எந்த சாஃப்ட்வேரில் செய்யப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த ஓஎஸ் (விண்டோஸ், மேக் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம்) வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அரூர்ப் பக்கம் ஒரு தங்கை, தவணையில் மேக்புக் வாங்கிய பிறகுதான் சாஃப்ட்வேரைப் பற்றி விசாரித்தாள். பஞ்சிங் (படத்தைத் தையல் ஃபைலாக மாற்றுவது) செய்பவர்கள் அதிகம் பேசுகிற வில்காம் எம்ப்ராய்டரி ஸ்டுடியோ விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. பிரதர் மெஷினுக்கான பிஇ-டிசைனும் அப்படித்தான். 2020 இறுதியிலிருந்து ஆப்பிள் தன் சொந்த சிப் போட்டு விற்கும் மேக்குகளில், பழைய மாதிரி விண்டோஸைத் தனியாக ஏற்ற முடியாது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் ஓட்டினாலும் உள்ளே ஓடுவது ஆர்ம் என்ற வேறு வகை சிப்புக்கான விண்டோஸ். டாங்கிள் (கம்ப்யூட்டரில் சொருகும் சாவி) போட்டுத் திறக்கும் சாஃப்ட்வேர் என்றால் அதன் டிரைவர் அங்கே மக்கர் செய்யலாம். மேக்கில் வேலையே நடக்காது என்று நான் சொல்லவில்லை. எம்ப்ரிலியன்ஸ், இங்க்ஸ்டிட்ச் என்ற எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர் இரண்டும் மேக்கில் ஓடும். கையில் ஏற்கெனவே மேக் இருப்பவர்கள் அவற்றோடு தொடங்கலாம். இந்தத் தொழிலுக்கென்றே புதிதாக மேக் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, எல்லோருக்கும் பஞ்சிங் சாஃப்ட்வேர் தேவையில்லை. ரெடிமேட் டிசைனை விலைக்கு வாங்கி, பென்டிரைவில் போட்டு ஓட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் வீட்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் போதும். பிரதருக்கு பிஇஎஸ், ஜானோமிக்கு ஜெஃப், கமர்ஷியல் மெஷின்களுக்குப் பெரும்பாலும் டிஎஸ்டி என்று ஃபைல் வகையைப் பார்த்து வாங்கினால் சரி. டிஎஸ்டியில் நூல் கலர் பதிவாகாது, கலர் மாற்ற நிற்க வேண்டிய இடம் மட்டுமே பதிவாகும். அதனால் கம்ப்யூட்டரில் வேறு கலராகத் தெரிகிறதே என்று ஓஎஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள். யாராவது இஎம்பி ஃபைல் அனுப்பினால் அது வில்காமின் சொந்த ஃபைல். இலவசமான ட்ரூசைசர் என்ற சாஃப்ட்வேரில் திறந்து டிஎஸ்டியாக மாற்றிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விஷயத்தில்தான் நம் பக்கம் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தானே என்று போய், விலை குறைவாகக் கிடைத்ததை எடுத்து வந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். ஐ5 என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச ஆப்பைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புது லேப்டாப்பில் 'எஸ் மோட்' இருந்தால் ஸ்டோரில் உள்ள ஆப் மட்டுமே ஏறும்; அதை இலவசமாக நீக்கலாம், ஆனால் திரும்ப அந்த மோடுக்குப் போக முடியாது.

பழைய மெஷினோடு எக்ஸ்பி என்ற பழைய விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வந்தால், பழசு என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த சீரியல் கேபிளும் டாங்கிளும் புது விண்டோஸில் வேலை செய்யாமல் போகலாம். இன்டர்நெட் இணைப்பு கொடுக்காமல், மெஷினுக்கு டிசைன் அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துதான் எனக்கு அதிகம் வலித்த இடம். ஸ்கூல் யூனிஃபார்ம், கோயில் வஸ்திரம், சீர்வரிசைத் துணி என்று பெயர் போடும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். பழைய சாஃப்ட்வேர் ஒன்றில் 'கொ' போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறியது. ஒரு குழந்தையின் பெயரை அப்படியே தைத்துக் கொடுத்து, பிறகு துணிக்குப் பணம் கட்டினேன். ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள், அங்கேயும் இதே சிக்கல்தான். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் யூனிகோட் எழுத்து சரியாக விழுகிறது. டைப் செய்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, அதோடு சேர்ந்து ஓடும் இங்க்ஸ்டிட்ச்சில் தையலாக மாற்றுகிறேன். இரண்டும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆகவே பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டும் இந்தத் தொழிலை நடத்தலாம், வில்காம் தேவைப்படாத வரைக்கும். ணை, ஜ போன்ற சுழி எழுத்துகளை மட்டும் ரொம்பச் சிறிதாகப் போடாதீர்கள், சுழி நூலால் அடைத்துக்கொள்ளும்.

கிராக் செய்த சாஃப்ட்வேரை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் அதை ஏற்றுவார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் பேங்க் கணக்கும், வருடக்கணக்கில் சேர்த்த டிசைன்களும் இருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் டிசைனைக் காட்டவில்லை என்றால் முதலில் பென்டிரைவைப் பாருங்கள். பல மெஷின்கள் ஃபேட்32 வகையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும், விண்டோஸோ பெரிய பென்டிரைவுகளை வேறு வகையில் ஃபார்மேட் செய்துவிடும். ஒரு 8 ஜிபி பென்டிரைவை மெஷினுக்கென்றே ஒதுக்குங்கள். ஃபைல் பெயரைச் சிறிதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். லேப்டாப்புக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அந்தப் பென்டிரைவையும் டாங்கிளையும் கடைக்கே எடுத்துப் போய், ஒரு டிசைனை அங்கேயே சேவ் செய்து பாருங்கள்.