தேக்காவோடு நின்றுவிடாதீர்கள்: சிங்கப்பூர் சைனாடவுனுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தமிழர்களில் பலர், சைனாடவுன் சீனர்களுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும் மட்டுமே உரிய இடம் என்று எண்ணி, விடுமுறை நாட்கள் முழுவதையும் ‘லிட்டில் இந்தியா’ எனப்படும் தேக்காவிலேயே கழித்துவிடுகிறார்கள். உண்மையில் தேக்காவிலுள்ள லிட்டில் இந்தியா நிலையத்தில் ஹார்பர்ஃபிரண்ட் நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையமே சைனாடவுன். ‘ஏ’ வாசலில் வெளியேறி பகோடா தெருவின் மறுமுனை வரை நடந்தால், நம் கண்முன் நிற்பது ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம். அந்தக் கோபுரத்தைக் கண்டுதான் தெருவுக்கே பகோடா (கோயில் கோபுரம்) என்று பெயர் வைத்தார்கள்.

1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று, 1827இல் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய கோயில் அது. வேலை தேடி வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் தங்க இடம் தந்ததும் இதே கோயில்தான் என்பதால், புதிதாக வந்திருக்கும் உங்கள் முதல் உலாவை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது.

பகோடா தெருவில் விற்கும் விசிறி, சாவிக்கொத்து, காந்த வில்லை போன்றவை ஊருக்கு எடுத்துச்செல்ல உதவும். இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு வாங்குங்கள், பலவற்றை வாங்கும்போது விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

வீட்டுச் சமையலுக்கு நாடவேண்டிய இடம் ஸ்மித் தெருவிலுள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் அடித்தள ஈரச்சந்தை. காலையிலேயே சென்றுவிட வேண்டும். பிற்பகலில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், திங்கட்கிழமைகளிலும் பல கடைகள் திறப்பதில்லை. தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு அவசியம். ‘பாயம்’ என்று கேட்டால் தருவது நம் தண்டுக்கீரை வகையைத்தான். சாம்பல் பூசணி, வெளிர்பச்சைப் பாகற்காய், இஞ்சி, டோஃபு ஆகியவையும் கிடைக்கும். தவளை இறைச்சி விற்பதைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம். அது சீனர்களில் பலர் விரும்பி உண்ணும் உணவு. கடைக்காரர்களை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைப்பதே இங்கு மரியாதை. உலர்ந்த காளான், இறால், அன்னாசிப்பூ போன்றவற்றை வாங்கும்போது அட்டையில் எழுதியுள்ள விலை கிலோவுக்கா 100 கிராமுக்கா என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். புதியவர்கள் ஏமாற்றமடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மின்னிலக்கக் கட்டணம் பரவிவிட்டபோதிலும், சிறிய வெள்ளி (டாலர்) நோட்டுகள் கையிலிருப்பது நல்லது.

இரண்டாம் தளத்திலுள்ள உணவங்காடி நிலையம் 200க்கும் மேற்பட்ட கடைகளுடன் சிங்கப்பூரிலேயே மிகப் பெரியது. காய்கறி உணவு என்று கேட்டு வாங்குவதிலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கலாம் என்பதால், சைவர்கள் பெயர்ப்பலகையில் சைவத்தைக் குறிக்கும் ‘சூ’ (素) எனப்படும் சீன எழுத்துள்ள கடைகளை நாடலாம். பூண்டும் வெங்காயமும் சேர்க்கிறார்களா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற அறிவிப்பு ஹலாலுக்கு ஈடாகாது. முஸ்லிம் அன்பர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) வழங்கும் ஹலால் சான்றிதழைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மேசையின்மீது காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால், அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள். பால் சேர்க்காத இனிப்புக் காப்பிக்குக் ‘கோப்பி ஓ’ என்றும், சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’ என்றும் சொல்லுங்கள். உண்டு முடித்ததும் தட்டை அதற்குரிய அடுக்கில் திருப்பி வைத்துவிட வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இதை மீறுபவர்கள்மீது நடவடிக்கை எடுக்கிறார்கள், மீண்டும் மீறினால் அபராதமும் உண்டு.