ஜூரி அழைப்பைத் தள்ளிப்போடும்போது எந்த வாரத்தைக் கேட்பது?

கலிஃபோர்னியா கவுண்டி நீதிமன்றத்திலிருந்து ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழு) அழைப்பாணை வந்து, அந்தத் தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டால், தள்ளிவைக்கும்போது நவம்பரில் தேங்ஸ்கிவிங் வாரத்தையோ கிறிஸ்துமஸ் வாரத்தையோ கேட்டுப் பாருங்கள். தேங்ஸ்கிவிங் வாரத்தில் வியாழனும் வெள்ளியும் விடுமுறை, மிச்சம் மூன்றே நாள். பாதியில் நின்றுபோகும் விசாரணையை அந்த வாரத்தில் தொடங்க நீதிபதிகள் பொதுவாக விரும்புவதில்லை, அதனால் ஜூரர்களின் தேவை குறையும். முந்தைய நாள் மாலை, அழைப்பாணையில் உள்ள உங்கள் குழு எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் பார்த்தால் 'வரத் தேவையில்லை' என்றே இருக்க வாய்ப்பு அதிகம். வாரம் முழுவதும் அப்படியே போய்விட்டால் அந்த ஆண்டுக்கான கடமை முடிந்தது. உறுதி என்று சொல்ல முடியாது. நடந்துகொண்டிருக்கும் பெரிய வழக்குக்கு ஆள் தேவைப்பட்டால் கூப்பிடத்தான் செய்வார்கள்.

பல கவுண்டிகளில் 90 நாள் வரைதான் தள்ளலாம். எனவே கோடையில் வரும் அழைப்புக்கு இது பெரும்பாலும் உதவாது. ஏற்கெனவே ஒருமுறை தள்ளியிருந்தாலும் சிரமம்தான். கிராண்ட் ஜூரிக்கும் (வழக்கு விசாரணைக்கான ஜூரி அல்லாத தனிக் குழு), ஃபெடரல் நீதிமன்ற அழைப்புக்கும் விதிகள் வேறு.

கிரீன் கார்டு, எச்-1பி விசாவில் இருப்பவர்கள் தள்ளிவைக்கவே வேண்டாம். ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால்தான் உங்களுக்கும் கடிதம் வருகிறது. 'குடிமகன் அல்ல' என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பதில் வராதவர்களுக்கு அபராத நோட்டீஸ் வரலாம்.