மைதா மாவில் பாதி மூளை: நிஜ அளவில் செய்து பார்க்கலாம்

பள்ளிக் கண்காட்சிக்கு மூளை என்றதும் தெர்மோகோலை வெட்டி வண்ணம் அடிப்பதுதான் வழக்கம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிறுமூளை எங்கே என்று கேட்டால், செய்த பிள்ளையே முழிக்கும். மாவை உருட்டி ஒவ்வொன்றாக ஒட்டினால் இடம் கையிலேயே பதிந்துவிடும். நாம் இடது பாதியை மட்டும் செய்வோம். ஏன் இடது என்பது பின்னால் வரும்.

1. மாவு

மைதா 2 கப், தூள் உப்பு 1 கப். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். பெரியவர் மூளை 1.3 முதல் 1.4 கிலோ, இந்த மாவு அதில் பாதிக்குப் பக்கத்தில் வரும். உருட்டிக் கையில் வைத்துப் பாருங்கள், இவ்வளவுதானா என்று இருக்கும். உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடுகிறது.

ஒரு பெரிய எலுமிச்சை அளவும் இன்னொரு சின்ன உருண்டையும் தனியே எடுத்து வையுங்கள். மீதியை நான்காகப் பிரித்து (ஒன்று மட்டும் பெரிதாக) மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, கீரைச் சாறு கலந்து நிறம் ஏற்றுங்கள். பெரியது வெள்ளையாகவே இருக்கட்டும்.

2. மூளைத்தண்டும் சிறுமூளையும்

தட்டில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். நெற்றிப் பக்கம் உங்கள் இடது கைப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன உருண்டையில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு, கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி நடுவில் வையுங்கள். மேலிருந்து நடுமூளை, பான்ஸ், முகுளம். மூச்சும் இதயத்துடிப்பும் முகுளத்தின் பொறுப்பு. நாம் தூங்கும்போதும் அதற்கு லீவு கிடையாது.

அதன் வலப்பக்கம், அதாவது பின்புறம், எலுமிச்சை உருண்டையை ஒட்டிச் சீப்பால் மெல்லிய கோடுகள் இழுங்கள். இதுதான் சிறுமூளை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். குறி தப்பாமல் போய்ச் சேர்ந்தால் அதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. குடித்தவர் தள்ளாடுவதும் இங்கே வேலை கெடுவதால்தான். பெயர்தான் சிறுமூளை, மூளையின் சுமார் 8600 கோடி நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன.

3. உள்ளே இருப்பவை

மிச்ச மாவில் கொட்டைப்பாக்கு அளவு உருட்டித் தண்டின் தலையில் வையுங்கள். அது தலாமஸ். வாசனை தவிர மற்றப் புலன் செய்திகள் எல்லாம் இதைத் தாண்டித்தான் மேலே போகின்றன. அதன் கீழே முன்பக்கமாக ஒரு பட்டாணி: பசி, தாகம், உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ்.

அப்புறம் வளைந்த புழு மாதிரி ஒன்று, ஹிப்போகாம்பஸ். கிரேக்கத்தில் கடல்குதிரை என்று பொருள். 1953இல் வலிப்பை நிறுத்துவதற்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு இரு பக்கமும் இதன் பெரும்பகுதியை எடுத்தார்கள். அதன் பிறகு சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை! கை பழகுவதற்கு வேறு இடம் என்று அப்போதுதான் புரிந்தது.

4. நான்கு மடல்கள்

பாடப்புத்தகத்தில் வேறு பெயர்கள் இருக்கும். நான் தலையில் தொட்டுக் காட்டுகிற மாதிரி சொல்கிறேன். வெள்ளை நெற்றி மடல்: திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல். மஞ்சள் உச்சி மடல்: தொடுதல், வலி, சூடு. பச்சை பிடரி மடல்: பார்வை. கண் முன்னால், பார்வை பின்மண்டையில்! பீட்ரூட் பொட்டு மடல்: கேட்டல். கடல்குதிரை இதன் உட்புறத்தில் அடங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் மூடி போலக் கவியட்டும்.

பொட்டு மடலுக்கு மேலே, நெற்றி மடலின் கீழ்விளிம்பில் ஒரு மிளகைப் பதியுங்கள். 1861இல் பாரிஸில் ‘டான்’ என்ற ஒரே சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி இறந்தபின், பால் புரோக்கா பழுது கண்ட இடம் இது. பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பாதியில்தான். இடதைத் தேர்ந்தெடுத்தது இதற்காக.

5. மடிப்புகள்

கரண்டிக் காம்பால் வளைவு வளைவாக அழுத்துங்கள். முதலில் நெற்றி மடலுக்கும் உச்சி மடலுக்கும் நடுவே ஆழமாக ஒரு பள்ளம். அதற்கு முன்னால் உள்ள பட்டை உடலை அசைக்கிறது, பின்னால் உள்ளது தொடுதலை உணர்கிறது. இடது மூளைக்கு வலது கை, வலது கால். மேலுறையைப் பிரித்து விரித்தால் இந்தப் பாதி மட்டுமே ஒன்றரை ஏ4 தாள் அளவு வரும். கசக்கினால்தானே மண்டைக்குள் அடங்கும்?

6. காய வைத்தல்

நிழலில்தான். அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்து, என் முதல் மூளையின் நெற்றி மடல் தனியே கழன்று வந்துவிட்டது. மேல்புறம் இறுகியதும் புரட்டிப் போட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். புரட்டினால் தலாமஸ் தெரியும். பெயர்க் கொடிகளுக்கான பல்குச்சிகளை மாவு ஈரமாக இருக்கும்போதே குத்திவிடுங்கள். காய்ந்த பிறகு குத்தினால் விரிசல் விடும்.