மேலே மருந்து, கீழே அறக்கொட்டி: வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரிப் பருவப் பெரும்போக விதைப்பு முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் கிழக்கிலங்கையின் படுவான்கரை வயல்வட்டைகளிலும் சம்மாந்துறைப் பக்கத்து வயல்களிலும் மருந்து விசிறும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் மடிச்சுக்கட்டிப் புழுவே காரணம். இலையை நீளவாக்கில் மடித்து, நூலால் ஒட்டி, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் புழு அது. வரம்பில் நின்று பார்ப்பவருக்கு வயல் முழுக்க வெள்ளைக் கோடாகத் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் "இன்னும் அடிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அடிக்கப்படும் மருந்து நம் பகுதியில் கொஞ்சநஞ்சம் அல்ல.

மட்டம் வெடிக்கும் (பக்கத் தளிர்கள் கிளைக்கும்) பருவத்து நெல் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். தின்ற இலைக்கு மேலே புது இலை வந்துகொண்டே இருக்கும். விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து வேண்டாம் என்பது நெல் ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் விதி. கதிரை நிரப்புவது கொடியிலையும் (உச்சியில் வரும் கடைசி இலை) அதற்குக் கீழுள்ள ஓரிரு இலைகளும்தான். மடிப்பு அங்கே ஏறினால் யோசிக்கலாம்.

அவசரத்துக்கு விலை பிறகுதான் தெரியும். முன்கூட்டி அடித்த மருந்து, குறிப்பாகப் பைரித்ரொயிட் வகை, சிலந்தியையும் தத்தியின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் சிறு பச்சைப் பூச்சியையும் கொன்றுவிடும். கபில நிறத் தத்தி, அதாவது தண்டின் சாற்றை உறிஞ்சும், நாம் அறக்கொட்டி என்று சொல்லும் பூச்சி, தன் முட்டையை இலையுறையின் தசைக்குள் வைத்திருப்பதால் மருந்து அதைத் தொடாது. முட்டை பொரித்து வெளியே வரும்போது தடுக்க ஆளில்லாத வயல் அதற்குக் கிடைக்கிறது.

அறக்கொட்டி விழுந்த வயல் வட்டம் வட்டமாக மஞ்சளித்து, பின் தீய்ந்ததுபோல் காயும். இதைப் பசளைக் குறைவு என்று எண்ணி யூரியா வீசுகிறவர் தத்திக்கு விருந்து வைக்கிறார். எரிபந்தம் என்ற பங்கசு நோய் என்று எண்ணிப் பங்கசு நாசினி அடிக்கிறவர் பணத்தைக் கரைக்கிறார். வரவைக்குள் (வயல் பாத்திக்குள்) இறங்கி, பயிர் அடர்ந்து நிழல் விழுந்திருக்கும் இடத்தில் கைகளால் விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். தட்டினால் அரிசி மணியிலும் சிறிய கபில நிறப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளும். தண்டில் இருப்பவை பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் ஒளியும். சிறகு குட்டையான பூச்சிகள் நிறைய இருந்தால், அவை அங்கேயே குடியிருந்து பெருகுகின்றன என்று பொருள். வரம்போரம் பயிர் ஐதாக, வெயில் படும்படி இருக்கும். அங்கே மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்பியவர்கள்தான் இரண்டு கிழமை கழித்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

கண்டுவிட்டால் முதல் வேலை தண்ணீரை வடித்து, சில நாட்கள் தரையை ஈரமின்றி விடுவது. மருந்து தேவைப்பட்டால் விசிறியின் முனையைத் தாழ்த்தி, தாக்கம் உள்ள வட்டத்துக்கும் அதைச் சுற்றியும், தண்டின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். மேலால் தூவிக்கொண்டு போனால் பயன் மிகக் குறைவு. இன்னொன்று: ஏக்கருக்கு 2 புசல் விதைத்தால் போதும் என்ற இடத்தில் 3 புசல் வீசுவது, களைக்குப் பயந்து நாம் செய்யும் பழக்கம். அந்த நெருக்கமே தத்திக்கு வேண்டிய நிழலும் ஈரமும்.

மணி பிடிக்காமல் வெளுத்த வெண்கதிர் விடயத்திலும் இதே குழப்பம். கதிரைப் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கழன்று வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் தண்டு துளைப்பான் புழு. கழுத்து கறுத்து, கதிர் கழன்று வராமல் நின்றால் எரிபந்தம். துளைப்பான் என்றாலும் அந்த நேரத்தில் மருந்தடிப்பது வீண், வெளுத்த கதிர் திரும்பப் பால் பிடிக்காது. முன்னரே இலை நுனிகளில் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலைத் தேடிக் கிள்ளி எறிந்திருக்க வேண்டும்.

இளம்பயிரின் இலை நுனி சுருண்டு காய்ந்தால் பலர் வெயிலைக் குறை சொல்வார்கள். உள்ளங்கையை நனைத்துப் பயிரின் மேல் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கறுப்புப் பூச்சி ஒட்டினால் பனிப்பூச்சி. தண்ணீர் வசதி இருந்தால் ஓரிரு நாள் பயிரை மூழ்கடித்து வடித்தாலே தீரும்.

சோளன் (மக்காச்சோளம்) செய்வோருக்கு 2018 இறுதியில் வந்த படைப்புழு மறக்காது. தலையில் தலைகீழ் "ஒய்" வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகளும் அதன் அடையாளம். இதில் பெருந்தவறு, நடுப்பகலில் இலை மேல் அடிப்பது. புழு அப்போது குருத்துக்குள், தன் எச்சத்தையே மூடியாக வைத்துக்கொண்டு கிடக்கும். மாலை சாய்ந்த பிறகு, புழு சிறிதாக இருக்கும்போதே, குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும்.

கடையில் போத்தல் மாற்றி வாங்குவதால் மருந்து மாறிவிடாது. மூன்று வணிகப் பெயர்களுக்குள்ளும் இமிடாகுளோபிரிட் என்ற ஒரே பூச்சிகொல்லி இருக்கலாம். ஆசியாவின் பல இடங்களில் தத்தி அதற்குப் பழகிவிட்டது. லேபிளில் செயற்படு பொருளின் பெயரைப் படித்து மாற்றுங்கள். இரண்டு மூன்றை ஒரே தாங்கியில் கலக்கச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள், அவருக்கு விளைச்சலில் பங்கில்லை.

சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது கமநல சேவை நிலையத்துக்குப் போகலாம். போகும்போது வேரோடு பிடுங்கிய பயிர், போத்தலில் பிடித்த பூச்சி, விதைத்த திகதி, இதுவரை அடித்த மருந்தின் வெற்றுப் போத்தல் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். காய்ந்த இலை ஒன்றை மட்டும் காட்டினால் விவசாயப் போதனாசிரியரும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.