துருவக் கடல் மாடல் சரியாக வர, முதலில் கடலடியைப் பாருங்கள்

துருவக் கடலைக் கணினியில் கணக்கிடும் மாடலில் பனி உருகும் வேகம் தப்பாக வந்தால், அதை ஓட்டுகிறவர்கள் உடனே கை வைப்பது கட்டத்தின் அளவில்தான், அதாவது கடலைக் கூறுபோடும் செல்களின் அளவில். அதில் நியாயம் இருக்கிறது. நடு அட்சரேகைகளில் பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்கள் துருவக் கண்டத்திட்டில் ஒருசில கிலோமீட்டராகச் சுருங்கிவிடும், கால் டிகிரி கட்டத்தில் அவை சிக்கவே சிக்காது. ஆனாலும் கணினி நேரத்தை அங்கே கொட்டுவதற்கு முன் கடலடியைச் சரிபாருங்கள்.

அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடலில் மேலே இருப்பது குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். அடியில் இருப்பது சுமார் 1 டிகிரி நீர். இவ்வளவு குளிரில் அடர்த்தியைத் தீர்மானிப்பது வெப்பம் அல்ல, உப்பு. அதனால்தான் வெதுவெதுப்பான நீர் கீழேயே கிடக்கிறது. 1 டிகிரியா, அது என்ன செய்துவிடும் என்று தோன்றும். கடல்நீர் மேற்பரப்பில் மைனஸ் 1.9-ல் உறையும், 1 கி.மீ. ஆழத்தில் உறைநிலை இன்னும் முக்கால் டிகிரி இறங்கிவிடும். அந்த ஆழத்தில் பனியாற்றின் அடியைத் தொடும்போது இந்த நீர் உறைநிலைக்கு மூன்றரை டிகிரி மேலே இருக்கிறது. இந்தக் கடலில் வந்து சேரும் துவைட்ஸ் பனியாறு முழுவதும் போனால் கடல்மட்டம் அரை மீட்டருக்கு மேல் உயரும், அதனால் இந்த மூன்றரை டிகிரியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த நீர் உள்ளே வருவது கடலடிப் பள்ளங்கள் வழியாக. பெட்மெஷின் போன்ற கடலடி வரைபடத்தை உங்கள் கட்டத்துக்கு மாற்றி வழவழப்பாக்கும்போது பள்ளம் தூர்ந்துவிடும், அல்லது நடுவில் ஒரு செல் மேடாகி வழியை அடைத்துவிடும். பள்ளத்தின் போக்கிலேயே ஒவ்வொரு செல்லாகக் கையால் பாருங்கள், சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. மேடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனாலும் தப்புதான். 2009-ல் ஆட்டோசப்3 என்ற ஆளில்லா நீர்மூழ்கி, அதே கடலிலுள்ள பைன் ஐலண்ட் பனித்தட்டின் (பனியாற்றின் மிதக்கும் முனை) அடியில் போய் ஒரு மேட்டைக் கண்டது. உள்ளே போகும் வெப்ப நீரை அந்த மேடு ஓரளவு தடுக்கிறது.

அப்புறம் பனித்தட்டின் அடியில் கடல்நீர் நிறைந்த குகையை மாடலில் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால், உருகிய நீரை மேற்பரப்பில் ஊற்றாமல் பனித்தட்டு இருக்கும் ஆழத்திலாவது விடுங்கள். நிஜத்தில் அது கீழிருந்து வெப்ப நீரையும் இழுத்துக்கொண்டு மேலேறுகிறது, மேலே ஊற்றினால் அந்தச் சுழற்சியே இருக்காது.

உருகும் வேகத்துக்கான சூத்திரத்தில் உராய்வு எண் ஒன்று இருக்கும், அதைத் திருகிச் செயற்கைக்கோள் சொல்லும் உருகலுக்குப் பொருத்திவிடலாம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். குகைக்கு வெளியே 500 மீட்டர் ஆழத்தில் வெப்பமும் உப்பும் பொருந்தாமல் இந்த எண்ணைத் தொடவே தொடாதீர்கள். 2020-ல் துவைட்ஸ் பனியைத் துளைத்து இறக்கிய ஐஸ்ஃபின் கருவி காட்டியதும் இதைத்தான் நினைக்க வைக்கிறது: வெப்ப நீர் இருந்தும் தட்டையான அடிப்பகுதி மெதுவாகவே உருகுகிறது, உப்புக் குறைந்த மெல்லிய நீரடுக்கு அதைப் போர்த்திக் காக்கிறது, வெடிப்புகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும்தான் உருகல் வேகம். ஆகவே வெப்பத்தோடு நீரோட்டத்தின் வேகமும் வேண்டும், ஓதங்களை விட்டுவிடாதீர்கள். பனியை ஒட்டிய செல்லின் தடிமனை மாற்றினால் உருகலும் மாறும், அதையும் ஒருமுறை சோதியுங்கள்.

கடல்பனி உறையும்போது வெளியேறும் உப்பு இன்னொரு தலைவலி. மேல் நீரும் அடி நீரும் கலப்பதைக் கவனிக்காவிட்டால் நீரடுக்கு கலைந்து, அண்டார்டிகாவின் வெடல் கடல் நடுவே குளிர்காலம்தோறும் பனியில்லாத பெரிய திறப்பு வரும். நிஜத்தில் அப்படிப் பெரிதாகத் திறந்தது 1974 முதல் 1976 வரை, பிறகு 2017-ல் சிறிதாக. உங்கள் மாடலில் வருடாவருடம் திறந்தால் கலப்பில்தான் கோளாறு.

ஒப்பிட அளவீடு எங்கே என்றால், யானைச் சீல்கள் இருக்கின்றன. தலையில் ஒட்டிய உணரியோடு அவை பனிக்கடலில் நூற்றுக்கணக்கான மீட்டர் முங்கி வெப்பத்தையும் உப்பையும் கொண்டுவந்து தருகின்றன. மேற்பரப்பு வெப்பநிலைப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சீல் முங்கிய அதே இடம், அதே மாதத்தில் உங்கள் மாடலின் நீர்த்தூணை (மேலிருந்து அடிவரை வெப்பமும் உப்பும்) எடுத்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.